ஆருக்கு இலகு? லினக்ஸ் 'புது ஆளை'த் தேடிப்போன கதை

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு வின்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிறுத்திவிட்டது. வின்டோஸ் 11க்கு மாறவேண்டுமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேணும், இன்டெல் புரொசெசர் என்றால் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேணும். கலைப்பீட ஆக்கள் கையில் வைச்சிருக்கிற லப்டொப்புகளில் கனக்க அந்தச் சோதினையில் பாஸாகாது. அண்ணா பாவிச்சு, அக்கா பாவிச்சு, கடைசியில் எங்களிடம் வந்தவை அவை. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறின நேரம், புதுசு வாங்குற கதையை வீட்டில் எடுக்கவே பயந்த ஆக்கள் நாங்கள். மெஷினில் ஒரு பிழையும் இல்லை. அசைன்மென்ட் அடிக்கலாம், சூம் பார்க்கலாம். ஆனாலும் அது 'பழசு' என்று வேறு யாரோ முடிவெடுத்துவிட்டார்கள்.

இதனால்தான் லினக்ஸ் பற்றின கதை திரும்பவும் கிளம்பியிருக்கிறது. கதை தொடங்கினதும் வருகிற கேள்வி, "புதுசாப் பாவிக்கிற ஆளுக்கு எது நல்லம்?" என்பது. விடையும் ஒரே சொல்லில் வரும்: உபுண்டு போடு. இல்லாட்டி மின்ட் போடு. சிலர் ஃபெடோரா என்பார்கள். நான் படிக்கிறது வரலாறு, கணினி விஞ்ஞானம் இல்லை. அதனால் எனக்கு அந்த ஒரு சொல் விடையைவிடக் கேள்விதான் சுவாரசியம். இந்தப் 'புது ஆள்' யார்? எப்போதிருந்து லினக்ஸ்காரர் அவரைப் பற்றி யோசிக்கத் தொடங்கினார்கள்? முப்பது சொச்ச வருடங்களில் அந்த ஆளின் முகம் ஐந்தாறு தரம் மாறியிருக்கிறது. எது இலகு என்பதும் கூடவே மாறியிருக்கிறது.

முதலில் ஒரு சொல் விசயம். எங்கட பாடசாலைப் புத்தகத்தில் இதற்குப் பெயர் 'பணிசெயல் முறைமை'. தமிழ்நாட்டில் 'இயங்குதளம்'. நான் இரண்டையும் கலந்துதான் எழுதப்போகிறேன், விளங்கினால் சரி.

லினக்ஸுக்கு முந்தின கதையைக் கெதியாகச் சொல்லி முடிக்கலாம். 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் யூனிக்ஸைத் தொடங்கினார்கள். பெல்லின் சொந்தக்காரரான ஏடி அன்ட் டி நிறுவனம், 1956இல் அரசாங்கத்தோடு செய்துகொண்ட ஒரு வழக்குத் தீர்வால், கணினி வியாபாரத்தில் இறங்க முடியாமல் இருந்தது. அதனால் யூனிக்ஸ் மூலநிரலோடு சேர்த்துப் பல்கலைக்கழகங்களுக்குப் போனது. ஒரு தலைமுறை மாணவர் அதைத் திறந்து பார்த்துப் படித்தார்கள். எண்பதுகளில் நிறுவனம் பிரிக்கப்பட்டு அந்தத் தடை போனது, கதவும் சாத்தப்பட்டது. 1983இல் எம்ஐடியில் இருந்த ரிச்சர்ட் ஸ்டோல்மன், யூனிக்ஸ் மாதிரியே ஆனால் எவரும் பூட்டிவைக்க முடியாத ஒரு முறைமையை எழுதப்போவதாக அறிவித்தார். அதுதான் க்னூ. ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' என்ற சொல்லுக்கு ஓசி என்றும் அர்த்தம், சுதந்திரம் என்றும் அர்த்தம். அந்தக் குழப்பத்தை விளங்கப்படுத்தியே ஸ்டோல்மனுக்கு நாற்பது வருடம் போய்விட்டது. தமிழில் 'இலவசம்' வேறு, 'கட்டற்ற' வேறு. எங்களுக்கு அந்தக் குழப்பம் வந்திருக்கவே தேவையில்லை, ஆனாலும் 'இலவச மென்பொருள்' என்று பிழையாக எழுதிக்கொண்டுதான் இருக்கிறோம்.

க்னூவிடம் எல்லாம் இருந்தது, உட்கரு மட்டும் இல்லை. 1991 ஓகஸ்ட் 25ஆம் திகதி, ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்த 21 வயதுப் பெடியன் ஒருவன், தான் 386 கணினிக்காக ஒரு பணிசெயல் முறைமை எழுதுவதாகவும், அது வெறும் பொழுதுபோக்குத்தான், க்னூ மாதிரிப் பெரிசாக வராது என்றும் இணையக் குழு ஒன்றில் எழுதினான். லினஸ் டோர்வால்ட்ஸ். பின்லாந்தில் சுவீடிஷ் பேசுகிற சிறுபான்மைக் குடும்பத்துப் பிள்ளை. அடுத்த வருடமே அதை க்னூவின் ஜிபிஎல் உரிமத்துக்குக் கீழ் கொண்டுவந்தான். என்னைக் கேட்டால் நிரலைவிடப் பெரிய முடிவு அதுதான். ஆரும் எடுக்கலாம், மாற்றலாம், பகிரலாம். மாற்றிப் பகிர்ந்தால் மற்றவருக்கும் அதே உரிமையைக் கொடுக்க வேணும்.

அந்தக் காலத்தில் 'புது ஆள்' என்று ஒருவர் இல்லவே இல்லை. லினக்ஸை நிறுவுகிறவரும் அதை எழுதக்கூடியவரும் கிட்டத்தட்ட ஒரே ஆக்கள். உட்கருவைத் தனியாக, கருவிகளைத் தனியாக எடுத்துத் தானே பொருத்த வேணும். இதையெல்லாம் ஒரு பொதியாகக் கட்டித் தருகிற வேலைக்குத்தான் 'டிஸ்ட்ரிபியூஷன்' என்று பெயர் வந்தது. தமிழில் வழங்கல். 1992இல் வந்த எஸ்எல்எஸ் என்ற வழங்கல் நிறையப் பேரிடம் போய்ச் சேர்ந்தது, வழுக்களும் அதே அளவு நிறைய. அதில் அலுத்துப்போன இரண்டு மாணவர் 1993இல் இரண்டு வழியில் போனார்கள். பெட்ரிக் வொல்கர்டிங் எஸ்எல்எஸ்ஸைத் துப்புரவாக்கி ஸ்லக்வெயார் என்று ஜூலையில் வெளியிட்டார். இயன் மேர்டொக் அடுத்த மாதம் டெபியனை அறிவித்தார். டெப்ரா என்ற தன் காதலியின் பெயரையும் தன் பெயரையும் சேர்த்து வைத்த பெயர். ரெண்டும் இன்றைக்கும் இருக்கின்றன. நம்புங்கள், ரெண்டுமே அப்போதைக்கு 'இலகுவாக்கும்' முயற்சிகள்.

அந்த இலகு எப்படி இருந்தது? இருபதுக்கு மேற்பட்ட ஃப்ளொப்பி டிஸ்க்குகளை ஒவ்வொன்றாகப் போட வேணும், பதினெட்டாவது பழுதாக இருந்தால் கதை முடிஞ்சுது. வன்தட்டைக் கையால் பிரிக்க வேணும். திரையில் படம் வரவைக்க, உங்கள் மொனிட்டரின் அதிர்வெண்களைத் தேடிப் பிடித்து ஒரு கோப்பில் எழுத வேணும். பிழையான எண்ணைக் கொடுத்தால் மொனிட்டரே பழுதாகலாம் என்று அந்தக் கால ஆவணங்கள் எச்சரித்தன. ஒரு இயங்குதளம் போடப்போய் மொனிட்டரை எரிப்பது பற்றி இன்று யாரும் யோசிப்பதில்லை. அந்தக் கவலையை எங்களிடமிருந்து எடுத்தவர்களின் பெயர் எந்தப் புத்தகத்திலும் பெரிசாக வராது.

முதல் திருப்பம் 1996இல். ஜேர்மனியின் டூபிங்கன் பல்கலைக்கழக மாணவர் மத்தியாஸ் எட்ரிஹ், லினக்ஸில் ஒவ்வொரு செயலியும் ஒவ்வொரு மாதிரி இருக்கிறது, சாதாரணப் பாவனையாளருக்கு ஒரே சீரான மேசைத்தளம் வேணும் என்று எழுதி, கேடிஈ திட்டத்தைத் தொடக்கினார். நிர்வாகிக்கு இல்லை, கடைசிப் பாவனையாளருக்கு. இந்த வேறுபாடு அழுத்திச் சொல்லப்பட்ட முதல் சந்தர்ப்பங்களில் இது ஒன்று. ஆனால் கேடிஈ தங்கியிருந்த கியூட் என்ற நூலகம் அப்போது முழுக்கக் கட்டற்றதாக இல்லை. அதை ஏற்க மாட்டோம் என்று 1997இல் மெக்சிக்கோவைச் சேர்ந்த மிகேல் டி இகாசாவும் ஃபெடரிகோ மேனாவும் க்னோம் திட்டத்தைத் தொடங்கினார்கள். புது ஆளுக்கு ஒரு மேசைத்தளம் கட்டப் போய், ரெண்டு மேசைத்தளமும் ஒரு சண்டையும் கிடைத்தன. எங்கட ஊர்ச் சங்கங்களைத் தெரிந்த ஆக்களுக்கு இதில் ஒரு புதினமும் இராது.

அந்தச் சண்டையின் இடுக்கில்தான் மான்ட்ரேக் பிறந்தது. அந்தக் கால ரெட் ஹெட், உரிமப் பிரச்சினையால் கேடிஈயைச் சேர்க்க மறுத்தது. பிரான்ஸில் கயேல் டுவால் என்ற இளைஞர், ரெட் ஹெட் 5.1ஐ எடுத்து, அதே 1998 ஜூலையில் வெளிவந்த கேடிஈ 1.0ஐ அதோடு கட்டி, இணையத்தில் விட்டார். இவ்வளவுதான் அவர் செய்தது. ஆனால் வின்டோஸ் பழகின கண்ணுக்குப் பார்த்தவுடன் பிடிபடுகிற ஒரு லினக்ஸ் அதுவரை இருக்கவில்லை. 'புதியவர்களுக்கான லினக்ஸ்' என்ற வகையே இதிலிருந்துதான் தொடங்குகிறது என்று நான் நினைக்கிறேன். இங்கே புது ஆள் என்பவர் கணினி தெரியாதவர் இல்லை, வின்டோஸ் தெரிந்தவர். இந்த வேறுபாட்டை நாங்கள் இன்றும் கவனிப்பதில்லை. 'இலகு' என்று நாங்கள் சொல்வதில் பாதி 'பழக்கம்'.

மான்ட்ரேக் என்ற பெயரைக் கேட்டதும் முத்து கொமிக்ஸ் வாசித்த மாமாமாருக்குத் தொப்பியும் கறுப்புச் சால்வையுமாக ஒரு மந்திரவாதி ஞாபகத்துக்கு வருவார். வழக்கும் அவரால்தான் வந்தது. மந்திரவாதி மான்ட்ரேக்கின் உரிமை வைத்திருந்த ஹேர்ஸ்ட் நிறுவனம் பிரான்ஸில் வழக்குப் போட்டு வென்றது. 2005இல் பிரேசிலின் கொனெக்டிவாவோடு சேர்ந்தபோது பெயர் மான்ட்ரிவா என்று மாறியது. கம்பனி பிறகு கடனில் மூழ்கிப் போனாலும், நிரல் கட்டற்றது என்பதால் அதன் வழித்தோன்றல்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன.

1999 வாக்கில் ஆளாளுக்கு இலகுவாக்கக் கிளம்பினார்கள். கல்டேரா என்ற அமெரிக்கக் கம்பனியின் நிறுவல் நிரல், கோப்புகள் பிரதியாகிற நேரம் அலுக்காமலிருக்க உங்களுக்கு டெட்ரிஸ் விளையாடத் தந்தது. உண்மையாகத்தான். இன்றைக்குவரை இதைவிட நல்ல நிறுவல் அனுபவத்தை ஆரும் யோசிக்கவில்லை என்பது என் தாழ்மையான கருத்து. (அதே கம்பனி பெயர் மாறி எஸ்சிஓ ஆகி, 2003இல் லினக்ஸுக்குள் தன் நிரல் இருப்பதாக ஐபிஎம் மேல் வழக்குப் போட்டது. டெட்ரிஸோடு நின்றிருக்கலாம்.) கோரல் ஒரு லினக்ஸ் விட்டது, கொஞ்சக் காலத்தில் விற்றது. மைக்கல் ரொபர்ட்சன் 'லின்டோஸ்' என்று பெயர் வைத்தே ஒன்றை விட்டார். மைக்ரோசொஃப்ட் வழக்குப் போட்டது, ஆனால் 'வின்டோஸ்' என்பதே பொதுச்சொல்தானே என்ற வாதம் நீதிமன்றத்தில் எடுபடும் போலிருக்க, கடைசியில் 2004இல் 2 கோடி டொலர் கொடுத்து அந்தப் பெயரை மாற்றவைத்தது.

இவ்வளவு பேரும் ஒரு கணக்குப் போட்டார்கள்: வின்டோஸ் விலை கூட, நாங்கள் மலிவாகத் தந்தால் ஆக்கள் வருவார்கள். அமெரிக்காவுக்கு அது சரி. எங்களுக்கு? இஞ்ச வின்டோஸுக்குக் காசு கட்டின ஆக்களை விரல்விட்டு எண்ணலாம். கடையில் கணினி வாங்கினால் வின்டோஸும் ஒஃபிஸும் ஃபோட்டோஷொப்பும் 'போட்டுத்தான்' வரும். பூட்டை உடைத்த சீடி தேத்தண்ணிக் காசுக்குக் கிடைத்த நாடு. அதனால் 'லினக்ஸ் இலவசம்' என்ற வாதம் இலங்கையில் ஒருநாளும் எடுபடவில்லை, அது லினக்ஸின் பிழையும் இல்லை. லினக்ஸின் உண்மையான போட்டியாளர் இங்கே வின்டோஸ் அல்ல, திருட்டு வின்டோஸ். அதைக் கடை அண்ணாவே போட்டுத் தருவார், பழுதானால் அவரே 'ஃபோர்மட் அடிச்சு'த் தருவார். அந்தச் சேவையை எந்த லினக்ஸ் வழங்கலும் தரவில்லை. போட்டுத் தர ஒரு ஆள் பக்கத்தில் இருக்கிறாரா என்பதுதான் எங்கட ஊரில் 'இலகு'வின் வரைவிலக்கணம்.

ஜேர்மனியின் கிளவுஸ் க்னொப்பர் செய்த க்னொப்பிக்ஸ் இந்த இடத்தில் ஒரு வேறுமாதிரி விடை. 2000ஆம் ஆண்டளவில் வெளிவந்தது. ஒரே சீடி. உள்ளே போட்டு மெஷினை எழுப்பினால், வன்தட்டைத் தொடாமலே முழு லினக்ஸும் ஓடும், வன்பொருளைத் தானே கண்டுபிடிக்கும். சீடியை எடுத்தால் உங்கள் வின்டோஸ் அப்படியே இருக்கும். முந்தியும் இப்படி முயற்சிகள் இருந்தன, ஆனால் உலகம் முழுக்கப் பரவினது இது. புது ஆளின் மிகப் பெரிய பயம் "இருக்கிறதும் போயிடுமோ" என்பது என்று கண்டுபிடித்தவர் க்னொப்பர். இன்று நாங்கள் பென்ட்ரைவில் போட்டுப் பார்ப்பது முழுக்க அவருடைய யோசனையின் தொடர்ச்சி.

பிறகு உபுண்டு. இதில் கொஞ்சம் நிற்க வேணும்.

மார்க் ஷட்டில்வேர்த் தென்னாபிரிக்கர். தொண்ணூறுகளில் டெபியன் திட்டத்துக்கு வேலை செய்தவர். இணையப் பாதுகாப்புச் சான்றிதழ் விற்கும் தோட் என்ற தன் கம்பனியை 1999 டிசம்பரில் வெரிசைனுக்கு 57 கோடி டொலருக்கு மேல் விற்றார். 2002இல் சொந்தக் காசில் ரஷ்ய விண்கலத்தில் விண்வெளிக்குப் போய்வந்தார். இதற்குப் பிறகு ஒரு மனிசன் என்ன செய்வான்? இவர் டெபியன் மின்னஞ்சல் குழுவின் ஆறு மாதக் கடிதங்களை எடுத்துக்கொண்டு அன்டார்க்டிக்காவுக்குக் கப்பலேறினார். அங்கே இருந்து வாசித்து, எவரெவரை வேலைக்கு எடுக்கலாம் என்று பெயர் குறித்தார். 2004 ஒக்டோபர் 20ஆம் திகதி உபுண்டு 4.10 வெளிவந்தது. மண்ணிறத் திரை, கைகோத்த மனிதர்கள், 'மனிதர்களுக்கான லினக்ஸ்' என்ற வாசகம். அதற்கு முன் லினக்ஸ் பாவித்தவர்கள் மனிதர் இல்லையோ என்று பழைய ஆக்கள் கடுப்பானார்கள். உபுண்டு என்பது 'எனக்கு டெபியன் போடத் தெரியாது' என்பதற்கான ஆபிரிக்கச் சொல் என்று ஒரு பகிடியும் உலாவியது. பகிடி ஒருபக்கம் இருக்க, டெபியனை நிறுவுவது கஷ்டம் என்று லினஸ் டோர்வால்ட்ஸே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். உட்கருவை எழுதின மனிசனுக்கே கஷ்டம் என்றால், நாங்கள் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

தொழில்நுட்பமாக உபுண்டு புதிதாகப் பெரிசாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. ஒரு சீடி, ஒவ்வொரு வேலைக்கும் ஒரே ஒரு செயலி, ஆறு மாதத்துக்கு ஒருக்கால் தவறாமல் புதுப் பதிப்பு. இந்த ஒழுங்குதான் புதுசு. படம் பார்த்து அழுத்திக்கொண்டு போகிற நிறுவல்கூட 2006இல் 6.06 பதிப்பில்தான் வந்தது. அதுவரை நீலத் திரையில் அம்புக்குறி விசைதான். ஆனால் அவர்கள் செய்த ஒரு வேலை எங்களைப் போன்ற நாடுகளுக்கு முக்கியமானது: ஷிப்இட். பெயரையும் விலாசத்தையும் கொடுத்தால், உலகத்தின் எந்த மூலைக்கும் சீடியைத் தபாலில் அனுப்புவார்கள். முத்திரைச் செலவும் அவர்களுடையது. கேட்டால் ஒன்றுக்கு மேலும் அனுப்பினார்கள், மற்றவருக்குக் கொடுக்க.

700 எம்பி சீடி ஒன்றை 56 கே டயல்அப்பில் இறக்குவதென்றால், ஒரு விநாடியும் அறுந்துபோகாமல் ஓடினால்கூட 29 மணித்தியாலம் வேணும். அந்த நேரம் முழுக்க வீட்டு டெலிபோன் மாட்டுப்பட்டிருக்கும், பில்லைக் கண்டு அப்பா அடிக்க வருவார். அந்தக் காலத்தில் 'டவுன்லோட் பண்ணுங்கோ, இலவசம்தானே' என்று சொல்வது கடலுக்கு அந்தப்பக்கம் இருக்கிறவருடைய இலவசம். ஷிப்இட் அந்தத் தூரத்தைக் கணக்கில் எடுத்தது. 2011 ஏப்ரலில் அதை நிறுத்தினார்கள். வேகமான இணையம் வந்துவிட்டது, தேவையில்லை என்பது நியாயமான காரணம்தான். ஆனாலும் கிழமைக்கணக்கில் காத்திருந்து ஒரு உறையைப் பிரிப்பதும் லிங்க் ஒன்றைத் தட்டுவதும் ஒன்றல்ல.

இலங்கை இந்தக் கதையில் வெறும் தபால் விலாசம் மட்டுமில்லை. உபுண்டு வந்து இரண்டு மாதத்தில் சுனாமி வந்தது. காணாமல் போனவர்களைத் தேடவும் முகாம்களைப் பதிவுசெய்யவும் உதவிகளை ஒழுங்குபடுத்தவும், இலங்கையின் மென்பொருள் தொண்டர்கள் சில கிழமைக்குள் சஹானா என்ற முறைமையை எழுதினார்கள். முழுக்கத் திறந்த மூலக் கருவிகளில் கட்டியது. 2006இல் சமூக நலனுக்கான விருதை ஸ்டோல்மனின் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சஹானாவுக்குக் கொடுத்தது. பிறகு வேறு நாடுகளின் பேரிடர்களிலும் அது பாவிக்கப்பட்டது. பேராதனை மலைத்தொடரின் பெயரில் ஹந்தானை லினக்ஸ் என்று எங்கட நாட்டு வழங்கல் ஒன்றும் இருந்தது. ஃபெடோராவை அடிப்படையாக வைத்து, இணையம் இல்லாத வீட்டிலும் வேலைசெய்ய வேணும் என்று தேவையான எல்லாவற்றையும் டிவிடியிலேயே அடைத்துத் தந்தது. அதன் புது ஆள் யாரென்று உடனே விளங்கும். இதைப் பற்றி எங்கட கம்பஸ் ஆக்களில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்?

பக்கத்துக் கேரளத்தில் வேறு விதமாக நடந்தது. அரசுப் பாடசாலைகள் 'ஐடி அட் ஸ்கூல்' திட்டத்தின் கீழ் லினக்ஸுக்கு மாறின. ஆயிரக்கணக்கான ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள், பாடப்புத்தகத்தை அதற்கேற்ப எழுதினார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு வின்டோஸ்தான் புதுசு. முன்னே சொன்ன 'இலகு பாதி பழக்கம்' என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியாது.

2011இல் உபுண்டு தன் ஆளை மாற்றியது. அப்பிள் ஐபேட் வந்த காலம். இனி எல்லாரும் டெப்லெட் என்று நினைத்து, யூனிட்டி என்ற புதுத் திரையமைப்பைக் கொண்டுவந்தார்கள். க்னோமும் அதே மாதம் மூன்றாம் பதிப்பில் எல்லாவற்றையும் தலைகீழாக்கியது. பட்டியைக் காணோம், பொத்தானைக் காணோம். 2012இல், மெஷினில் ஒரு கோப்பைத் தேடினால்கூட அமேசன் பொருட்கள் வந்து விழுகிற ஒரு 'வசதி'யையும் உபுண்டு சேர்த்தது. ஸ்டோல்மன் அதை உளவுமென்பொருள் என்றார். 2017இல் யூனிட்டியையே கைவிட்டார்கள், ஆனால் அதற்குள் நிறையப் பேர் வெளிக்கிட்டாயிற்று.

அவர்கள் போன இடம் லினக்ஸ் மின்ட். கிளெமென்ட் லெஃபேவ்ர் 2006இல் தொடங்கியது. உபுண்டுவை எடுத்து, எம்பி3 பாட்டும் படங்களும் போட்டவுடன் ஓடுகிற மாதிரி செய்து தந்ததுதான் அதன் ஆரம்பப் பெயர். காப்புரிமைச் சிக்கலால் உபுண்டு அதைத் தானாகச் சேர்க்காமல் இருந்தது. பாட்டுக் கேட்கத் தனியாகப் பொதி தேடிப் போட வேணும் என்றால் எந்தப் புது ஆள் இருப்பார்? 2011 கலவரத்தில் மின்ட் எடுத்த முடிவு, ஒன்றையும் மாற்றாமல் விடுவது. பழைய க்னோமைக் காப்பாற்ற ஒரு ஆர்ஜென்டீனா இளைஞர் தொடங்கிய மாட்டேயை ஆதரித்தார்கள், பிறகு தாங்களே சினமன் என்ற மேசைத்தளத்தைக் கட்டினார்கள். கீழே பட்டி, இடது மூலையில் மெனு. பார்க்கப் பழைய வின்டோஸ் மாதிரி, பெரிய கவர்ச்சி இல்லை. புது ஆளை ஆச்சரியப்படுத்தாமல் இருப்பதும் ஒரு வடிவமைப்புக் கொள்கைதான் என்று அவர்கள் நம்பினார்கள். குறையும் உண்டு. 2016 பெப்ரவரியில் மின்ட்டின் இணையத்தளத்துக்குள் ஆரோ புகுந்து, கள்ளக் கதவு வைத்த கோப்பை இறக்கச் செய்தார்கள். சின்னக் குழு வைத்திருக்கிற பெரிய பொருளின் ஆபத்து அது. உடனே கண்டுபிடித்துப் பகிரங்கமாக அறிவித்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேணும்.

சரி, இப்ப எங்கட கேள்விக்கு வருவம். கலைப்பீடத்து ஆளுக்கு, தமிழில் எழுதுகிற ஆளுக்கு, எது?

எங்களுக்கு ஒரு தனிப் பிரச்சினை இருக்கிறது, அதை எந்த வெள்ளைக்கார யூடியூபரும் சொல்ல மாட்டார்: பாமினி. இந்த நாட்டில் தமிழ் ஆவணங்களில் கனக்க இன்னும் பாமினி எழுத்துருவில்தான் இருக்கின்றன. அது யுனிகோட் இல்லை, ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் முகமூடி. முகமூடி இல்லாத மெஷினில் திறந்தால், 'தமிழ்' என்ற சொல் நாலு ஆங்கில எழுத்தும் ஒரு அரைப்புள்ளியுமாக நிற்கும். லினக்ஸுக்கு மாறின முதல் நாளே சீனியர் அனுப்பின நோட்ஸ் இப்படித் திறந்தால், லினக்ஸ் சரிவராது என்று மூடிவிட்டுப் போகிறவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தீர்வு சின்னது. பாமினி எழுத்துருக் கோப்பை இரண்டு தரம் தட்டி நிறுவு என்று கொடுத்தால், லிப்ரே ஒஃபிஸ் அதை அப்படியே காட்டும், அடிக்கவும் விடும். யுனிகோடில் அடிக்க, ஐபஸ் எம்17என் என்ற பொதியைப் போட்டால் தமிழ்99உம் வரும், இலங்கையின் ரெங்கநாதன் விசைப்பலகையும் வரும். பாமினி பழகின விரலுக்கு ரெங்கநாதன் பெரிசாக அன்னியமில்லை. யுனிகோட் தமிழ் திரையில் உடையாமல் தெரிவதில் இன்று ஒரு குறையும் இல்லை. அதற்குப் பின்னால் உள்ள ஹார்ஃப்பஸ் என்ற கட்டற்ற நிரல்தான் உங்கள் அன்ட்ரொய்ட் போனிலும் தமிழைக் கோக்கிறது.

வராத விசயங்களும் இருக்கின்றன. மைக்ரோசொஃப்ட் ஒஃபிஸ் நேரடியாக ஓடாது. லிப்ரே ஒஃபிஸில் செய்த அட்டவணை, விரிவுரையாளரின் வேர்ட்டில் கொஞ்சம் நகர்ந்து நிற்கலாம். சமர்ப்பிக்கும்போது பிடிஎஃப் ஆக்கிக் கொடுங்கள். எஸ்பிஎஸ்எஸ் தேவைப்படுகிற சமூகவியல் ஆக்கள் பிஎஸ்பிபி என்ற க்னூ கருவியைப் பார்க்கலாம், ஆனால் எல்லாச் சோதனையும் அதில் இல்லை. சூம் வரும். ஃபோட்டோஷொப் வராது.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் நான் மின்ட்டின் சினமன் பதிப்பைத்தான் சொல்வேன். வேகமானது என்றோ அழகானது என்றோ இல்லை. ஃபெடோரா புதிய மெஷினுக்கு நல்லம், ஆனால் ஏறக்குறைய வருடத்துக்கு ஒருக்கால் பதிப்பு மாற்ற வேணும். டேட்டா கார்ட்டில் காலம் தள்ளுகிற ஆளுக்கு அது பாரம். உபுண்டு இப்போது செயலிகளை ஸ்னப் என்ற தன் வடிவத்தில் தருகிறது, பழைய வன்தட்டு மெஷினில் அது மெதுவாகத் திறக்கும். அயர்லாந்துச் சகோதரர் இருவரின் சொரின் பார்க்க வடிவு, அதையும் போட்டுப் பார்க்கலாம். மின்ட்டுக்கு 2 ஜிபி ராம் போதும் என்கிறார்கள், 4 ஜிபி இருந்தால் நிம்மதி. வன்தட்டைத் தொட முதல் பென்ட்ரைவில் ஓடவிட்டு வைஃபை பிடிக்குதோ, சத்தம் வருதோ, பாமினி நோட்ஸ் ஒன்று திறக்குதோ என்று பாருங்கள். மூன்றும் சரியென்றால், கோப்புகளை வேறிடத்தில் பிரதி எடுத்து வைத்துவிட்டு நிறுவுங்கள். ஏற்கெனவே பாவிக்கிற ஒருவர் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லம்.

மின்ட் 22க்கு 2029 ஏப்ரல் வரை ஆதரவு இருக்கிறது. இப்ப முதலாம் வருடத்தில் இருக்கிற ஆக்கள் அதுக்குள்ள டிகிரி முடிச்சிடுவினம், இடையில ஸ்ட்ரைக் ஒண்டும் வராட்டி.